ஐந்தரை மணிப் பெரட்டும் மெட்ரோலாக் கோடும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களுக்குத் தொழிற்புரட்சி எப்போது வந்தது என்று கேட்டால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு என்று சொல்லலாம். வேலையாட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும் நேரம் அது. பக்கத்திலிருக்கும் கோலகங்சாரில் 1877இல் ஒன்பது கித்தா (ரப்பர்) கன்றுகளை நட்டார்கள். பிறகு சைக்கிள் டயருக்கும் மோட்டார் டயருக்கும் ரப்பர் தேவைப்பட்டது; பேராக் காடுகள் நிரை நிரையாக ரப்பர் தோட்டங்களாக மாறின.

அந்த நேரத்தைத் தோட்ட நிர்வாகியான துரை தன் இஷ்டத்துக்கு வைக்கவில்லை. ராத்திரி முழுக்க வேர் இழுத்த தண்ணீரில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் விம்மி நிற்கும். வெயில் ஏறி இலை வழியே நீர் போகப் போக அழுத்தம் தளர்ந்துவிடும். பத்து மணிக்குப் பால்வெட்டு உளி வைத்தால் பால் சொட்டும், ஓடாது. பட்டை நனைந்திருந்தாலும் வெட்டக்கூடாது. பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து மரத்தோடு போய்விடும்.

வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சுமார் 30 பாகைச் சாய்வில் அரைச்சுற்று. பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் இந்தத் திசையில்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில், ஆகவே மேலோட்டமாகச் சீவினால் பால் கிடைக்காது. ஆழம் போய்த் தண்டை ஒட்டிய மெல்லிய படலத்தைத் தொட்டால் காயம்தான்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே உளி ஓடாது. அதனால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மிச்சம் விடுவார்கள். இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நானூறு மரத்துக்கு இந்தக் கணக்கு. இதைத் 'திறனற்ற உழைப்பு' என்று எழுதிய அதிகாரிகள் உளியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது பாலை நிறுக்கும் ஸ்டோர். தோளில் சுமக்கும் காண்டா கம்பில் இரண்டு வாளி. அந்தப் பாலில் காய்ந்த ரப்பராக நிற்பது 30 முதல் 40 விழுக்காடு, மற்றது பெரும்பாலும் தண்ணீர். எனவே எடை மட்டும் போதாது. ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, நுரையை வழித்துவிட்டு, பாலில் எவ்வளவு ரப்பர் என்று காட்டும் கோடு போட்ட மெட்ரோலாக் மிதவையை இறக்குவார்கள். ரப்பர் தண்ணீரைவிட லேசு. கெட்டிப் பாலில் மிதவை ஆழமாக இறங்கும். நுரை ஒட்டினாலும், பாலைக் கலக்காமல் மேலாக மொண்டாலும் கணக்கு தவறும். பால் பிடிக்கும் மங்கு கழுவாமல் இருந்தால் பால் காட்டிலேயே திரண்டுவிடும், அது ஒட்டுப்பால் என்று மட்டமான விலைக்குத்தான் போகும். மிதவையின் கோட்டைப் படிப்பவர் தோட்டத்துக் கணக்கரான கிராணி. வெட்டினவருக்கு அது தெரியும் தூரத்தில் இருக்காது. தோட்டத்து வாய்ச்சண்டைகளில் பாதி இந்த மிதவையைச் சுற்றித்தான்.

ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்த விதமும் இதே கணக்கில் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்து மேய்க்கும் கங்காணி முறை நீடித்தது. ஆள் வேலைக்கு வந்தால்தான் கங்காணிக்குத் தலைக்காசு, எனவே காய்ச்சல்காரனையும் லயக் குடியிருப்பிலிருந்து எழுப்பிவிட அவருக்குக் காரணம் இருந்தது. 1938இல் இந்திய அரசு இப்படி உதவி பெற்று மலாயாவுக்குக் கூலி வேலைக்கு வரும் பயணத்துக்குத் தடை போட்டது. புது ஆள் வருவது நின்றது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கின. முன்னால் நின்றவர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும். கூடவே இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கூலிக் கோரிக்கைகளோடு இதையும் சேர்த்தார்கள் பாருங்கள். அந்தச் சைக்கிள் டயரும் இதே பாலில் வந்ததுதான். அரசு ராணுவத்தை இறக்கியது, தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடல். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டுக்காரர்களின் சேமிப்பில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது பல இடத்தில் செம்பனை. குலையை எந்த வேளையிலும் அறுக்கலாம், மரத்துக்குக் கவலையில்லை. பெரட்டு மட்டும் இன்னும் விடியற்காலையில்தான்.