பழைய மாயாஜாலத் தொடரும் பூஞ்சை பிடித்த கேசட்டும்

தூர்தர்ஷன் காலத்து மாயாஜாலத் தொடரைப் பதிந்து வைத்த வி.எச்.எஸ். கேசட் கிடைத்தால் உடனே டெக்கில் (கேசட்டை ஓட்டும் கருவி) செருகிவிடாதீர்கள். குமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொன்று. கடலோரக் குளச்சல் பக்கமென்றால் உப்புக் காற்று வேறு. அந்த ஈரத்தில் கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கலாம். முதலில் கேசட்டின் கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வெள்ளை தெரிந்தால் பூஞ்சை. ஓட்டினால் டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துப் படமெல்லாம் புள்ளி மழை. அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமானதென்றால் பிளே போடாமல் கடைசிவரை வேகமாகச் சுற்றி, திரும்பச் சுற்றியபிறகே பிளே. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது படத்தின் அளவு 720க்கு 576 பிக்சல், வேகம் நொடிக்கு 25 பிரேம் (படம்) என்று வையுங்கள். 30 வைத்தால் பறக்கும் கம்பளம் தத்தித் தத்திப் போகும். விளம்பரங்களை வெட்டாதீர்கள், பாதி சுவாரசியம் அதில்தான்.