எலும்புக்கு பி வைட்டமின்: எதைப் போடலாம், எதை விடலாம்

டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அறுபது தாண்டிய பெண்கள் பலருடைய மருந்துப் பையில் சுகருக்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோலும் இருக்கும். கூடவே, "எலும்புக்கு நல்லது" என்று யாரோ சொல்லி வாங்கிய பி காம்ப்ளெக்ஸ். முதல் இரண்டையும் வருடக்கணக்கில் போட்டால் பி12 உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். மூன்றாவதில் பெரும்பாலும் பி6 தேவைக்கு மேல் இருக்கும்.

பி வைட்டமினை எலும்போடு சேர்த்துப் பேசக் காரணம் ஹோமோசிஸ்டீன். உணவில் வரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே உண்டாக்கும் இன்னொரு அமினோ அமிலம் அது. ஃபோலேட்டும் (மாத்திரையில் ஃபோலிக் அமிலம்) பி12-உம் சேர்ந்து அதை மறுபடி மெத்தியோனினாக்கும். பி6 வேறு வழியில் கழிக்கும். இவை குறைந்தால் அது ரத்தத்தில் தேங்கும். அப்படித் தேங்கியவர்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்று 2004-இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் வந்த ஆய்வுகள் காட்டின.

ஹோமோசிஸ்டீனைக் குறைத்தால் எலும்பு பிழைக்குமா? நெதர்லாந்தின் பி-ப்ரூஃப் ஆய்வில் 65 தாண்டிய 2,900-க்கும் மேற்பட்டவர்கள். அதில் பாதிப் பேருக்கு 2 வருடம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் 500 மைக்ரோகிராம் பி12-உம் கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, முறிவு மொத்தத்தில் குறையவில்லை. நார்வே ஆய்வுகளில் தினம் 40 மி.கி. பி6 எடுத்தவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு அதிகமாகவே இருந்தது. ஆகவே எலும்புக்கென்று மட்டும் இந்த மாத்திரைகளை வாங்குவது வீண் செலவு.

பி12 குறைவு வேறு கதை. அதில் நரம்பு கெடும், பாதம் மதமதத்துப் போகும். பாதம் தரையை உணராதபோது இரவில் கழிப்பறைக்குப் போகிறவர் விழுவார். முறிவு அங்கேதான். மதமதப்பை "சுகர்தான்" என்று தள்ளிவிடுவதால் இது பல நாள் கண்ணில் படாது. தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் சோள மாவிலும் ரொட்டி மாவிலும் ஃபோலிக் அமிலம் கட்டாயம். பி12 அதில் இல்லை. ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும், நரம்புச் சேதத்தை நிறுத்தாது.

முதலில் பி12 சோதனை. லிட்டருக்குச் சுமார் 150 பிகோமோலுக்குக் கீழே என்றால் குறைவு, அதற்குச் சற்று மேலே என்றால் சந்தேகம். ஹோமோசிஸ்டீன் எடுப்பதானால் வெறும் வயிற்றில். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயை உடனே ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் சிவப்பணுக்களிலிருந்து கசிந்து எண் பொய்யாக ஏறும். சிறுநீரகம் தளர்ந்தாலும் ஏறும். அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் சேர்த்துப் பாருங்கள்.

புரட்டாசி விரதம் ஒரு மாதம்தான், அதனால் பி12 தீராது. கல்லீரலில் வருடக்கணக்குச் சேமிப்பு உண்டு. ஆயுள் முழுக்க மரக்கறி சாப்பிடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். மீன் சேர்ப்பவர்களுக்கு டின் பில்சர்ட் கறி நல்லது: 100 கிராமிலேயே ஒரு நாள் தேவையான 2.4 மைக்ரோகிராமைத் தாண்டிவிடும். முள்ளை எடுத்துப் போடாமல் நசுக்கிச் சேருங்கள், கால்சியம் அதில்தான். சேர்க்காதவர்களுக்கு பால், அமாசி (புளித்த பால்), முட்டை.

குறைவு உறுதியானால் 1000 மைக்ரோகிராம் மாத்திரை தினமும் போடலாம். குடல் தானாக உறிஞ்சுவது அதில் சுமார் 1 சதவீதமே, ஆனாலும் போதும். மதமதப்பு இருந்தால் மருத்துவரிடம் ஊசி கேளுங்கள். வீட்டிலுள்ள பி காம்ப்ளெக்ஸ் அட்டையில் பைரிடாக்சின் (பி6) என்ற வரியையும் பாருங்கள். ஐம்பது தாண்டிய பெண்ணுக்குத் தேவை 1.5 மி.கி.; அங்கே 50, 100 என்று இருந்தால் அதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அளவு மிஞ்சிய பி6-ஏ பாதத்தை மரக்கச் செய்யும்.