தராசைக் கழற்றி மாட்டினால் அனுமதி போய்விடுகிறது

மார்த்தாண்டத்தில் சித்தப்பாவின் தேன் கடையில் பில் போடுவது உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர், எடைத் தராசு யூஎஸ்பி வயரில் அதோடு சேர்ந்திருக்கிறது. கடையைப் பெருக்கும்போது வாரியல் (துடைப்பம்) பட்டு வயர் கழன்றுவிடும், திரும்பச் செருகினால் 'பெர்மிஷன் டினைடு', அதாவது அனுமதி இல்லை. உடனே எனக்குப் போன்: "மக்களே, ஒண்ணு வந்து பாரு."

முதலில் நானும் எல்லோருக்கும் படிக்க, எழுத அனுமதி தரும் சிஎச்மோட் 666 கமாண்டை அடித்துவிட்டு வந்தேன். சோம்பேறித்தனம்தான். கழற்றியதும் தராசுக்காக லினக்ஸ் வைத்திருக்கும் டிவைஸ் ஃபைல் மறைந்து, மாட்டும்போது புதிதாக உருவாகிறது, அப்போது யாருக்கு என்ன அனுமதி என்று முடிவு செய்வது லினக்ஸில் மாட்டும் கருவிகளைக் கவனிக்கும் யூடெவ், நாம் முன்பு அடித்ததற்கு அங்கே மதிப்பே இல்லை. உபுண்டுவில் ரூட் என்ற நிர்வாகி யூசருக்கும், இந்த மாதிரி சீரியல் கருவிகளுக்கான டயல்அவுட் குரூப்புக்கும்தான் வழி. சித்தப்பாவின் யூசரை அந்தக் குரூப்பில் சேர்த்தேன். லாக்அவுட் செய்து உள்ளே வந்தால்தான் பலிக்கும், அதை மறந்து அரை மணி நேரம் தலையைச் சொறிந்தது தனிக்கதை.

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. பார்கோடு ஸ்கேனர் முந்திக்கொண்டால் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற டிவைஸ் பெயர் அதற்குப் போய், தராசு 1 ஆகிவிடும். தராசு வயரில் இருந்தது சிஎச்340 என்ற, யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் சிப். அதன் வெண்டர் எண் 1ஏ86, ப்ராடக்ட் எண் 7523. இரண்டும் பொருந்தினால் 'தராசு' என்று சிம்லிங்க் (அந்த ஃபைலைக் காட்டும் மாற்றுப் பெயர்) வைக்கச் சொல்லி யூடெவ் ரூல் ஒரு வரி எழுதினேன். இப்போது எந்த ஓட்டையில் குத்தினாலும் எடை வருகிறது.

வயர் மட்டும் இன்னும் வாரியலில் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.