கட்டாராவின் கோபத்தில் உடைந்த பனிப்பாறை

'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனின் முதல் எபிசோடில் பனிப்பாறை உடைந்து, அதில் உறைந்து கிடந்த கதாநாயகச் சிறுவன் ஆங் வெளியே வருவது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது எதனால் உடைந்தது என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். அண்ணன் சோக்காவும் தங்கை கட்டாராவும் மீன்பிடிக்கப் போகிறார்கள். படகு பனிக்கட்டிகளுக்கு நடுவில் மாட்டி நொறுங்குகிறது. பெண்ணை நம்பி வந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறான் சோக்கா. கட்டாரா வெடிக்கிறாள். அம்மா போன நாளிலிருந்து மொத்த வேலையும் என் தலையில்தான், உன் நாற்றமெடுத்த சாக்ஸைக்கூட நான்தான் துவைக்கிறேன், நீ போர்வீரன் விளையாட்டு விளையாடுகிறாய் என்று கைகளை வீசிக் கத்துகிறாள். தண்ணீரை அசைக்கும் நீர்வித்தை அவளுக்கு உண்டு; அந்த வீச்சில் அவளுக்கே தெரியாமல் பின்னால் தண்ணீர் கொந்தளிக்கிறது. பனிப்பாறையில் விரிசல் விழுகிறது. 61 எபிசோட் நீளும் கதையைத் தொடங்கி வைப்பது வீட்டுவேலையை யார் செய்வது என்ற சண்டைதான்.

2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆண் பெண் பேதத்தை வசனத்தில் கண்டித்துவிட்டு நகர்ந்துவிட மாட்டார்கள். அந்த எண்ணம் உள்ளவன் கதையில் அதற்கு விலை கொடுப்பான்.

நாலாவது எபிசோடைப் பாருங்கள். கட்டாரா சோக்காவின் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். தையல் பெண்களுக்கு வரும், வேட்டையும் சண்டையும் ஆண்களுக்கு வரும், அது இயற்கை என்கிறான் அவன். பாதி தைத்த கால்சட்டையை ஓட்டையோடு அவன் மேலேயே எறிகிறாள். கொஞ்ச நேரத்திலேயே கியோஷி தீவில் சுகியும் அவளுடைய பெண் வீரர்களும் அவனைக் கட்டிப்போடுகிறார்கள். நம்ப முடியாமல் அவர்களுடைய பயிற்சிக்கூடத்துக்கே போய் வம்பிழுக்கிறான். சுகி அவன் பாய்கிற வேகத்தையே திருப்பி அவனைக் கீழே தள்ளுகிறாள். எதிராளியின் பலத்தை அவனுக்கு எதிராகவே திருப்புவதுதான் அந்தக் கலை. உடல்பலம்தான் வீரம் என்று நம்புகிறவனை வீழ்த்த இதைவிடப் பொருத்தமான கலை கிடையாது.

பிறகு மண்டியிட்டு, எனக்கும் கற்றுக்கொடு என்கிறான். அவர்களுடைய உடை, முகப்பூச்சு எல்லாவற்றையும் அணிந்தால்தான் பயிற்சி. முதலில் கூச்சப்படுகிறவன், அந்தப் பட்டு நூலுக்கும் தங்க முத்திரைக்கும் என்ன பொருள் என்று சுகி சொல்லக் கேட்டதும் நிமிர்ந்து நிற்கிறான். விடைபெறும்போது, உன்னை வீராங்கனையாக நடத்தாமல் பெண்ணாக நடத்திவிட்டேன் என்று வருந்துகிறான். நான் வீராங்கனைதான், ஆனால் பெண்ணும்கூட என்று சொல்லி முத்தம் கொடுக்கிறாள். அவன் மன்னிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த கோளாறையும் அந்த ஒரு வரி திருத்திவிடுகிறது.

2024இல் இதே கதையை நடிகர்களை வைத்து நெட்ஃபிளிக்ஸ் எடுத்த தொடரில் சோக்காவின் இந்தப் பேச்சைக் குறைத்துவிட்டதாக நடித்தவர்களே பேட்டியில் சொன்னார்கள். எனக்கு அது தவறான முடிவு. நோயை எடுத்துவிட்டால் சுகி எதைக் குணப்படுத்துவாள்?

எல்லா இடத்திலும் இந்தத் தொடர் சரியாகச் செய்துவிடவில்லை. முதல் சீசனின் 18ஆவது எபிசோடில் வட துருவத்து ஆசான் பக்கு, பெண்களுக்குச் சண்டைக்கான நீர்வித்தையைக் கற்றுத்தர மறுக்கிறார். பெண்கள் வைத்தியம் மட்டும் கற்கலாம் என்பது அங்கே வழக்கம். கட்டாரா அவரைச் சண்டைக்கு இழுத்து, தோற்கிறாள். அப்போது கீழே விழுந்த கழுத்தணியைப் பார்த்து பக்கு திகைக்கிறார். 60 ஆண்டுகளுக்கு முன் கட்டாராவின் பாட்டிக்காக அவரே செதுக்கியது அது. பெரியவர்கள் நிச்சயித்த திருமணமும் அந்த ஊர் வழக்கமும் பிடிக்காமல் பாட்டி ஊரைவிட்டே போய்விட்டார். அதை உணர்ந்த பிறகுதான் பக்கு இறங்கிவருகிறார். காட்சி உருக்கமானதுதான். ஆனால் கதவைத் திறந்தது கட்டாராவின் திறமையைவிட அவருடைய பழைய காதல். மற்ற பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்ததா என்பதைத் தொடர் சொல்லாமலே கடந்துவிடுகிறது.

ஆனாலும், பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த வைத்தியத்தை எழுதியவர்கள் மட்டமாகக் காட்டவில்லை. இரண்டாம் சீசன் முடிவில் எதிரி நாட்டு இளவரசி அசூலாவின் மின்னல் பட்ட ஆங்கையும், இறுதியில் அவளுடைய மின்னலைத் தன்மேல் வாங்கிய அவள் அண்ணன் ஸூகோவையும் கட்டாரா காப்பாற்றுவது அதை வைத்துத்தான்.

ஆங்குக்கு மண்வித்தை கற்றுத்தரும் சிறுமி டாஃப், முதலில் கட்டுமஸ்தான ஆணாகத்தான் திட்டமிடப்பட்டாள். தலைமை எழுத்தாளர் ஏரன் எஹாஸ் பெண்ணாக மாற்றலாம் என்றார். மூன்றாம் சீசனில் இவர்களைப் பற்றியே ஒரு நாடகம் போடும்போது டாஃப் வேடத்தில் ஒரு முரட்டு ஆள் வருவான், அவளுக்குக் குஷி தாங்காது. பார்வையில்லாத, பணக்கார வீட்டுச் செல்லப்பெண், மண்வித்தையில் எவரையும் வீழ்த்துகிறவள் என்ற முரண் மட்டுமே அவள் என்றால் சீக்கிரம் சலித்திருக்கும். அவளுக்கு ஆழம் வருவது மூன்றாம் சீசனின் ஏழாவது எபிசோடில். அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தால் கட்டாராவின் முகம்தான் வருகிறது என்று சோக்கா அவளிடம் சொல்கிறான். பெற்ற தாயே பார்க்காத உண்மையான என்னைக் கட்டாரா பார்த்தாள் என்கிறாள் டாஃப். இது அவளிடம் போய்ச் சேர்ந்தால் தொலைந்தாய் என்று மிரட்டவும் செய்கிறாள். கீழே ஆற்றில் இருக்கும் கட்டாராவின் காதில் எல்லாம் விழுகிறது. முதல் எபிசோடில் சாக்ஸ் துவைத்ததாகக் கத்திய அதே கட்டாரா. அந்த உழைப்பை அண்ணன் பார்த்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவர இத்தனை எபிசோட் ஆகியிருக்கிறது.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. மூன்றாம் சீசனின் 17ஆவது எபிசோடில், மனம் குழப்பமாக இருக்கிறது என்று கட்டாரா ஆங்கிடம் தெளிவாகச் சொல்கிறாள். அப்படியும் அவன் முத்தமிடுகிறான், அவள் கோபித்துக்கொண்டு போகிறாள். அதன்பின் வரும் நாலு எபிசோடுகளில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கடைசிக் காட்சியில் அவளாகவே முத்தமிடுகிறாள். சோக்காவுக்கு உடை அணிவித்து, பயிற்சி கொடுத்து, மன்னிப்புக் கேட்க வைத்துப் படிப்படியாக மாற்றியவர்கள், கட்டாராவின் குழப்பம் எப்படித் தீர்ந்தது என்பதற்கு ஒரு நிமிடக் காட்சிகூட எழுதவில்லை.