எழுத்துக்கூட்டிய பிறகு

நேற்று என் இரண்டாம் வகுப்பில் பறவைகளைப் பற்றிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொன்னேன். ‘வலசை’ என்ற சொல்லை ஒரு சிறுவன் பிழையில்லாமல் வாசித்துவிட்டு, பொருள் புரியாமல் என் முகத்தையே பார்த்தான். அவனைவிடத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் சிறுமியோ, “எங்க ஆச்சி ஊரு கூந்தங்குளத்துக்கு வெளிநாட்டுப் பறவ வரும்லா டீச்சர், அதுவா?” என்று கேட்டாள்.

1988இல் அமெரிக்காவில் பேஸ்பால் பற்றிய பத்தியை வைத்து நடந்த ஓர் ஆய்விலும், வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை அறிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதை நன்கு புரிந்துகொண்டார்கள்.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துப் பயிற்றுவது பிள்ளைகள் எழுத்தறிய உதவுகிறது. அதை நான் விடப்போவதில்லை. அதனுடன், ஒரே விஷயத்தைப் பற்றிப் பல நாள் கேட்கவும் பேசவும் வாசிக்கவும் நேரம் வேண்டும். ஆகவே இனி இரண்டு வாரம், திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம்தான்: மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும் நாரைகள், பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாவது. தினமும் நான் உரக்க வாசித்துக் காட்டுவேன். ‘மடை’ என்ற சொல் வரும்போது மட்டும், அப்பாவோடு வயலுக்குப் போகும் பிள்ளைகளே எழுந்து விளக்கட்டும்.