பென்சில் குறி

"என்னண்ணா, எந்தக் கதவுக்கும் வாசற்படியே வைக்கவில்லை?"

இன்று புதுமனை புகுவிழாவில் கேட்டேன். வீட்டை வரைந்த ஆர்க்கிடெக்ட் அண்ணன் சொன்னார், "அவரைத் தடுக்கும் எதுவும் இந்த வீட்டில் கிடையாது தம்பி."

அவர் என்றால் அண்ணனுடைய துணைவர். 1999 கார்கில் போரில், திராஸ் பக்கம் கண்ணிவெடியில் இடது காலை இழந்த ஹவில்தார். பகலில் செயற்கைக் கால். மாலையில் வெட்டுப்பட்ட இடம் கன்றிப்போனால் சக்கர நாற்காலி.

1 அடி உயரம் ஏறக் குறைந்தது 12 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வீட்டின் தரைமட்டம் 2 அடி. அந்த 24 அடியையும் வேப்பமரத்தைச் சுற்றி வளைத்து, நடுவில் ஒரு திண்ணையும் போட்டிருக்கிறார் அண்ணன்.

குளியலறைக் கைப்பிடிக்கு மட்டும் எந்த விதியையும் பார்க்கவில்லை. ராத்திரி அவர் எழும்போது கை சுவரில் எங்கே படுகிறது என்று கவனித்து, பென்சிலால் குறித்து, அங்கேயே பொருத்தியிருக்கிறார். குறி இன்னும் இருக்கிறது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது சட்டப் பிரிவிலிருந்து 2018-இல் விடுதலை கிடைத்தது. ஆனால் 2023-இல் தன்பாலினத் திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் தரவில்லை. அதனால் ஹவில்தாருக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியம் இந்த அண்ணனுக்கு வராது. நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவர், தன் குடும்பம் யார் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள என்ன தடை? நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

இவர்களைப் போன்ற இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாக நியமிக்கவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சரி, முதலில் அதையாவது முடிப்போம் என்று திங்கட்கிழமை இருவரும் வங்கிக்குப் போகிறார்கள்.

படிவம் நிரப்ப நானும் கூடப் போகிறேன்.