பேப்பர் மிச்சமாவது மெஷின் ஓடுவதற்கு முன்னால்தான்

"ரீசைக்கிள் பேப்பர்ல போட முடியுமாண்ணே?" அச்சகத்துக்கு வரும் இளைஞர்கள் இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதே பெரிய சந்தோஷம். முடியும் என்று சொல்லிவிட்டு நானும் கேட்பேன்: எத்தனை காப்பி, என்ன சைஸ், அட்டை மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டும் லேமினேஷன் உண்டா? மதுரையில் சின்ன ஆஃப்செட் மெஷின் வைத்துப் பிழைக்கிற எனக்கு, எந்தப் பேப்பர் என்பதைவிட இந்த மூன்றும்தான் முக்கியம்.

புத்தகம் அடிக்கிற டெம்மி அளவு ஷீட் 18 அங்குலத்துக்கு 23 அங்குலம். மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். இந்தக் கணக்குக்குள் அடங்குகிற புத்தகத்தில் வெட்டுத்துண்டு அதிகம் விழாது. எங்கேயோ பார்த்த வெளிநாட்டுப் புத்தகத்தின் அளவு வேண்டுமென்று அரை அங்குலம் கூட்டினால், கட்டிங் மெஷினில் நீள நீளமாகத் துண்டு விழும். அது நேரே எடைக்குத்தான் போகும்.

போன மழைக்காலத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கட்டுரைத் தொகுப்போடு வந்தார். லே-அவுட் முடிந்தபோது 210 பக்கம். 13 ஃபாரம் என்றால் 208. மிச்சம் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பிளேட் (அச்சுத்தகடு), அதற்கு மெஷினைச் செட் செய்கிற இன்னொரு மேக்ரெடி, அது சரியாவதற்குள் கழியும் ஷீட்டுகள். "ஐயா, ரெண்டு பக்கத்தை உள்ள இழுத்துட்டா பதிமூணு ஃபாரத்துல முடிஞ்சிரும்" என்றேன். சிஸ்டம் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்க முடிவில் ஒற்றை வரியாகத் தொங்கிய இடங்களை நான் காட்டக் காட்ட, அவரே சொல்லைக் குறைத்துக் கொடுத்தார். இரண்டு இடத்தில் "இது முன்னாடியே சொன்னதுதான்யா" என்று ஒரு பத்தியையே எடுத்துவிட்டார். 208-ல் நின்றது. புத்தகமும் மெருகேறியது.

அவர் கேட்டது ஆயிரம் காப்பி. பிளேட் செலவும் மேக்ரெடி செலவும் எத்தனை காப்பி போட்டாலும் ஒன்றுதான் என்பதால், ஆயிரம் போட்டால்தான் கட்டுப்படியாகும் என்பது ஆஃப்செட் காலத்துப் பழக்கம். விற்காதது கட்டிலடியில் கிடந்து கரையான் தின்னும். இன்றைக்கு டிஜிட்டலில் ஐம்பது காப்பிகூட அடித்துக் கொடுக்கலாம். காப்பிக்கு விலை கூடும், உண்மைதான். படிக்க ஆளில்லாத நூற்றுக்கணக்கான காப்பியை அடிப்பதை நினைத்தால் அந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. முதலில் இருநூறு போடுங்கள், தேவைப்பட்டால் மறுபடி அடிப்போம் என்றேன், ஒத்துக்கொண்டார்.

பேப்பர் கனத்தையும் பார்க்க வேண்டும். புத்தகம் தடியாகத் தெரிய வேண்டும் என்று 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு) கேட்பவர்கள் உண்டு. படமில்லாத புத்தகத்துக்கு, வெள்ளைவெளேரென்று இல்லாத 70 ஜி.எஸ்.எம். நேச்சுரல் ஷேட் தாராளம். எட்டில் ஒரு பங்கு எடை அங்கேயே குறைகிறது.

கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் (டி.என்.பி.எல்.) ஆலை 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் தயாரிக்கிறது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கை அது. எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் சக்கைக்குப் பதிலாக அந்த ஆலைகளில் நிலக்கரி எரிகிறது. காகிதம் செய்யத் தண்ணீரும் ஏராளமாக வேண்டும். எந்தக் காகிதமானாலும் வீணடிக்க நமக்கு உரிமையில்லை.

என்னை அதிகம் வருத்துவது கல்யாணப் பத்திரிகை. அட்டை மேல் பளபளப்புக்கு ஒட்டுவது பிளாஸ்டிக் ஃபிலிம். மேலே ஃபாயில், சில சமயம் வெல்வெட், ஜிகினா. ஆலையில் கூழாக்கும்போது இந்த ஃபிலிம் பிரிந்து வராமல் தொல்லை கொடுக்கும் என்பதால் பழைய பேப்பர்காரரே ஒதுக்கிவைப்பார். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தட்டுக்கும் தமிழ்நாட்டில் தடை. அதே மாதிரி பூச்சுள்ள பத்திரிகையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவினால் லேமினேஷன் மேல் பிடிக்காது. காய்ந்ததும் உதிர்ந்து, எடுக்கிறவர் கையெல்லாம் ஒட்டும். வெறும் அட்டையில் தடவிப் பாருங்கள், ஊறி அப்படியே நிற்கும். ஒரு அம்மாவுக்கு மேஜை மேலேயே இரண்டு அட்டையிலும் தடவிக் காட்டினேன். "எங்க வீட்டுப் பத்திரிகை எல்லாம் இப்படித்தான் தம்பி இருக்கும்" என்று சாதா அட்டையையே எடுத்துக்கொண்டார்.

தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கப் போகிறவர்கள் முதலில் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டு வாருங்கள். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்கிற வீடுகளுக்கு மட்டும் அட்டை. மற்றவர்களுக்கு வாட்ஸப் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கொஞ்சம் மினுமினுப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்வா கோட்டிங் இருக்கிறது. லேமினேஷன் வேண்டாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலான அச்சகங்களில் அது தானாகவே சேர்ந்துவிடும்.